சாமி பயணத்துக்கு ரசீது உண்டா?

அமாவாசை நாள் என்றால் புதுக்கோட்டை மாவட்டக் கட்டுமாவடி முக்கத்தில் விடியும் முன்பே வேன் சத்தம் கேட்கும். இரவெல்லாம் உட்கார்ந்தே வந்தவர்கள் இறங்கிக் காலை உதறிக்கொண்டு டீக்கடை பெஞ்சைப் பிடிப்பார்கள். காற்றில் மீன் மார்க்கெட் வாடை. எதிரே கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் வடக்கே போனால் மல்லிப்பட்டினம் பக்கம் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா. தெற்கே போனால் குலச்சிறை நாயனார் பிறந்த மணமேல்குடி, ராவுத்தர் தர்கா இருக்கும் கோட்டைப்பட்டினம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருப்புனவாசல், கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும் தேவிபட்டினம். கொஞ்சம் உள்ளே திரும்பினால் ஆவுடையார்கோயில். கடைசியில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி. இத்தனையையும் ஒரே நாளில் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகத்தான் நோட்டீஸ் அடித்திருப்பார்கள்.

ஏற்பாட்டாளர் பெரும்பாலும் ஊர்க்காரர். தெருவில் எல்லோருக்கும் அண்ணனோ மாமாவோதான். மாதாமாதம் டூர் சீட்டு கட்டிச் சேர்ந்த பணம் அவர் கையில் இருக்கும். எவ்வளவு கட்டினோம், அதில் சாப்பாடு உண்டா, தங்குமிடம் உண்டா, தரிசன டிக்கெட் யார் செலவு என்று எதுவும் எழுத்தில் இருக்காது. கேட்டால், "சாமி காரியத்துக்குப் போய் கணக்குக் கேட்பியா?" என்று பக்கத்துச் சீட்டுக்காரரே அதட்டுவார். சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கூச்சத்தில்தான்.

சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு அழைத்துப் போனால் அது சேவை. காசு கொடுத்தவர் நுகர்வோர். போகிற இடம் கோயிலா, தர்காவா, மாதா கோயிலா, கேளிக்கைப் பூங்காவா என்ற பேச்சே அங்கு எழாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னொரு படி மேலே போகிறது. சேவைக்கு ரசீது தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அது சேர்த்திருக்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாதபோது 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஆக, ரசீது கேட்பவர் வம்பு செய்வதில்லை. கொடுக்க மறுப்பவர்தான் சட்டத்தை மீறுகிறார்.

இதில் ஒரு விலக்கும் உண்டு. கட்டணமே வாங்காத சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. யாரோ புண்ணியவான் இலவசமாக அழைத்துப் போனால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அநேகமாகத் திறக்காது. அதனால் 'இலவசம், டீசல் செலவு மட்டும் தலைக்கு இவ்வளவு' என்று சொல்லும் இடத்தில் அந்த 'மட்டும்' எவ்வளவு என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ரசீதுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது வண்டியின் நம்பர் பிளேட். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டில் கருப்பு எழுத்து. சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் போர்டு. "தெரிஞ்சவங்க வண்டி, சல்லிசா வரும்" என்று சொல்லி வெள்ளைப் போர்டு வேனைக் கொண்டுவந்து நிறுத்துவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சல்லிசாக வருவதற்குக் காரணம், பெர்மிட்டும் வாடகை வண்டிக்கான காப்பீடும் இல்லாததுதான். சொந்த வண்டி என்று காப்பீடு செய்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுப்பது அந்த மீறலைத்தான். குட்டியானையில் தார்ப்பாய் கட்டிப் போகும் குலதெய்வப் பயணம் இன்னும் மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 20 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அப்புறம் இழப்பீடு கேட்பது வண்டிக்காரரிடம். அவருக்கு இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே வண்டி; அதுவும் நசுங்கிக் கிடக்கும்.

சாலை விபத்துக்கு இழப்பீடு கேட்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டாம். பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இதற்கு ஆறு மாதக் கெடு வந்தது. 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பதினாறாம் நாள் காரியம், ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று ஆறு மாதம் ஓடிப்போவது தெரியாது.

இனி படகு. வேன் நிற்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நாட்டுப்படகுகள் கிடக்கும். பாக் நீரிணைக் கடல் குளம் மாதிரி கிடப்பதைப் பார்த்த பிள்ளைகள், "ஒரு ரவுண்டு போவோம்" என்பார்கள். கரையோரம் ஆழமும் குறைவு. யாராவது ஒருவர் சரி என்றும் சொல்லிவிடுவார். அந்தப் படகுக்குத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன் கீழ் இருக்கும் உரிமம் மீன் பிடிப்பதற்கானது, ஆள் ஏற்றுவதற்கானது அல்ல. மீனவருக்கான விபத்துக் காப்பீடு மீனவருக்கே போகும். மேலே உட்கார்ந்து செல்ஃபி எடுத்தவருக்கு அதில் இடமில்லை. படகுக்காரரைக் கெட்டவராக்கிச் சொல்லவில்லை. கடலை அவரைவிட அறிந்தவர் கிடையாது. ஆனால் வலையையும் மீனையும் ஏற்றும் படகின் நிதானம் வேறு. ஒரே பக்கமாக எழுந்து நின்று கையசைக்கும் இருபது பேரைச் சுமக்கும் நிதானம் வேறு.

பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளன்று இதுதான் நடந்தது. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் மீன்பிடிப் படகில் ஏறின. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்கள். உயிர்காப்பு அங்கி யாருக்கும் இல்லை. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் கவிழ்ந்த 'அக்வா மரைன்' படகில் இறந்த 21 பேரில் பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா போனவர்கள். அங்கும் படகு தாங்காத கூட்டம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைக் கொன்றது, மீன்பிடிப் படகை உருமாற்றிச் செய்த உல்லாசப் படகு. பொழுது சாய்ந்த பிறகும் அது கூட்டம் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மூன்று இடங்களிலும் புயல் இல்லை. எண்ணிக்கை பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கை பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் பாக் நீரிணையிலேயே சான்று உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகில்தான் போக வேண்டும். 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய யாத்ரீகர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் அங்கே போய்வர இடம் தருகிறது. ஆனாலும் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், அடையாள அட்டை கொடுக்க வேண்டும். எந்தப் படகில் யார் என்று பட்டியல் இருக்கும். காவல்துறையும் சுங்கத்துறையும் சோதித்து அனுப்பும். உயிர்காப்பு அங்கி கட்டாயம். மீன் பிடிக்கும் படகுகள்தான் அங்கேயும் ஆள் ஏற்றுகின்றன, ஆனால் அரசின் கண்முன்னே, தலை எண்ணி. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் கதை வேறு. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. மழைக்காலத்தில் நிற்பதும் உண்டு. இலங்கையின் நல்லூர், கீரிமலை என்று பேக்கேஜ் போடுபவர்களிடம், "கப்பல் ஓடாவிட்டால் ஓட்டல் பணம் யார் தருவது?" என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். பணம் போன பின் கேட்டால் பதிலும் மழைக்காலத்துக் கப்பல் மாதிரிதான் வரும்.

வழிகாட்டிகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவுடையார்கோயிலில் கல்லை மரச்சட்டம்போல் இழைத்த கொடுங்கையைக் காட்டி, வெள்ளைக்காரத் துரை ஒருவர் இது கல்தானா என்று துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த கதையைச் சொல்வார்கள். திருப்புனவாசலில் லிங்கத்துக்கு மூன்று முழம், ஆவுடைக்கு முப்பது முழம் துணி என்பார்கள். கதை கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, சுவையாகவே இருக்கும். கதை முடிந்ததும் "தோஷம் இருக்கு, பரிகாரம் பண்ணணும்" என்று பேச்சு திரும்பினால் உஷாராகலாம். கோயில் கட்டணம் எதுவானாலும் கவுண்டரில் எழுதியிருக்கும். அங்கேயே சீட்டும் தருவார்கள். நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுக்கும் டிக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பார்த்துவிட்டுக் காசு எண்ணினால் போதும். சுற்றுலாக் குழு எந்தக் கடையில் அரை மணி நேரம் நிற்கிறதோ அங்கே டிரைவருக்கு ஏதோ உண்டு என்று பயணிகளுக்கே தெரியும். அது ரகசியமல்ல. ஆனால் ஆவுடையார்கோயிலுக்கு இருபது நிமிடம், சிப்பிக் கடைக்கு நாற்பது நிமிடம் என்று நேரத்தைப் பங்கிட்டால் அது சொன்ன சேவையைத் தராத குறைபாடு; புகாராக எழுதலாம்.

சிப்பிக் கடையில் பர்ஸைத் திறக்கும்போது இன்னொரு ஆபத்து. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, சிலவகைச் சிப்பிகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் அட்டவணைகளில் உள்ளவை. கடல் அட்டைக்கு 2001 முதலே தடை. வாங்கியவரும் வைத்திருந்தவரும் குற்றவாளிதான். "கடையில பில் போட்டுத்தான் வாங்கினேன்" என்பது காப்பாற்றாது. அதிலும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரிலிருந்து கடற்பசுக் காப்பகம்.

கல் கட்டடங்களில் பெயர் கிறுக்கும் வழக்கம் மனோரா படிக்கட்டு ஏறிய எவருக்கும் தெரியும். 1814-15 வாக்கில் நெப்போலியன் தோல்வியைக் கொண்டாட எழுப்பிய அறுகோணக் கோபுரத்தில் காதலர் பெயர்கள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ன் தமிழ்நாட்டுச் சட்டம். வழிகாட்டி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாலும் கை யாருடையதோ அவர்மேல்தான் வழக்கு.

ஏமாந்துவிட்டோம், என்ன செய்வது? முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம்; வாட்ஸ்அப் செய்தியும் ஆகும். அதற்குப் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல விஷயம் அங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திருச்சிக்காரர் கட்டுமாவடிப் பயணத்துக்காகப் புதுக்கோட்டைக்கு வர வேண்டாம். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நோட்டீஸ், ஜிபே பதிவு, குழுவில் வந்த செய்திகள், வண்டி நம்பர் தெரியும் போட்டோ எல்லாம் சான்று. சீட்டுப் பணத்தோடு ஆளே காணாமல் போயிருந்தால் காவல் நிலையம். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி மோசடி. பெண்கள், பட்டியல் சமூகத்தினர் உள்ளிட்டோருக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி கிடைக்கும், எண் 15100.

"விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். கோவளத்தில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியின் நீச்சல் குளத்தில் விருந்தினர் ஒருவர் மூழ்கி இறந்தார். உயிர்காப்பாளருக்கு மதுக்கூடத்திலும் வேலை கொடுத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. குடும்பத்துக்கு 62.5 லட்சம் இழப்பீடு தரச் சொன்ன தேசிய ஆணையத்தின் உத்தரவை 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விருந்தினரின் பாதுகாப்பு, கொடுத்த காசுக்குள் அடக்கம்.

ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் கடமைக்கு உலகம் அடிக்கடி காட்டும் உதாரணம் நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு. 2019 டிசம்பர் 9 அன்று அது வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 38 பேர் ஒரே சொகுசுக் கப்பலிலிருந்து கரைச்சுற்றுலாவுக்கு இறங்கியவர்கள். இறந்தவர்கள் 22 பேர். எரிமலையின் சீற்றம் கூடியிருந்ததாக அதற்குச் சில வாரம் முன்பே ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்பு டிக்கெட் வாங்கியவர் காதுவரை போனதா என்பதுதான் பின்னால் எழுந்த பெரிய கேள்வி. நம் கரையில் எரிமலை இல்லை. வாடைக்காற்று இருக்கிறது, வானிலை மையத்தின் எச்சரிக்கை இருக்கிறது, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் குளிக்க வேண்டாம் என்ற பலகை இருக்கிறது. தர்ப்பண அவசரத்தில் அதைப் படித்துக் காட்டுவது அழைத்துப் போனவர் வேலை.

கட்டுமாவடியில் டீ குடித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் வண்டியின் முன்பக்கம், பெர்மிட் தாள், காப்பீட்டுத் தாள் என்று மூன்று போட்டோ எடுத்து வீட்டில் இருப்பவருக்கு அனுப்பிவிடலாம். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, சுற்றுலா உதவி 1363, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைக் குழுவில் ஒருவராவது போனில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். மணமேல்குடியில் வெயில் ஏறும் முன் குளித்தாக வேண்டும்.