30 சென்டிமீட்டருக்காக கனடாவும் நார்வேயும் மல்லுக்கட்டியது ஏன்? ஒரு மூஸ் சிலையின் கதை

2019 ஜனவரியில் கனடாவில் ஒரு வீடியோ வைரலானது. சஸ்காட்சுவன் மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு நகைச்சுவையாளர்கள் அதில் ஒரு ‘அதிர்ச்சித் தகவலை’ச் சொன்னார்கள். மூஸ் ஜா நகரத்தில் நிற்கும் ‘மேக்’, உலகின் உயரமான மூஸ் சிலை என்ற பட்டத்தை இழந்துவிட்டது. நார்வேயில் ஒரு சிலை அதைவிட 30 செ.மீ. உயரம், சும்மா இருக்கக் கூடாது, ஏதாவது செய்யணும் என்பதுதான் அது.

பட்டம் பறிபோனது 2015-லேயே. நாலு வருஷம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வீடியோ வந்த பிறகு மேயர் ஃப்ரேசர் டோல்மி நேரடியாகக் களத்தில் இறங்கினார். இரு நாட்டு டிவிகளிலும் இதே பேச்சு. 30 செ.மீ., அதாவது ஒரு ஸ்கூல் ஸ்கேல் நீளம். இதற்குப் போய் இவ்வளவு அக்கப்போரா?

முதலில், மூஸ் என்றால் என்ன?

மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு மூஸ். தோள் வரையே 2 மீட்டர் உயரம் வரும். வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவையும் தாண்டும். கனடா, நார்வே, ஸ்வீடன் போன்ற குளிர்நாடுகளில் வாழ்கிறது.

மூஸ் ஜா என்றால் ‘மூஸின் தாடை’. அங்கே ஓடும் ஆற்றின் வளைவு தாடை எலும்பு போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். பூர்வகுடிகளின் க்ரீ மொழிச் சொல் ஒன்றிலிருந்து திரிந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. 2021 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை சுமார் 33,600. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சின்ன நகராட்சி. ஆனால், சஸ்காட்சுவனில் இதுதான் 4-வது பெரிய நகரம்!

தட்டையான ஊரின் பிரச்சினை

இது ‘ப்ரெய்ரி’ எனப்படும் புல்வெளிச் சமவெளி. மலை கிடையாது, கடல் கிடையாது. கோதுமை வயல், வானம், நேர்க்கோடு போட்ட மாதிரி டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை. வேக வரம்பு 110 கி.மீ. என்பதால், இப்படி ஒரு நகரத்தைத் தாண்டிப் போக சில நிமிடங்கள் போதும். ஊருக்குள் என்ன இருக்கிறது என்பது காரில் போகிறவருக்குத் தெரியாது. நிற்காமல் போய்விட்டால் பெட்ரோல் பங்க், ஹோட்டல், கடை என யாருக்கும் வருமானம் இல்லை.

அதனால்தான் கனடா சமவெளியில் சாலையோரம் பிரம்மாண்டச் சிலை வைப்பது ஒரு வழக்கமாகவே ஆனது. மேக் அப்படி வந்தவன். 1984-ல் சிற்பி டான் ஃபோல்ட்ஸ் உருவாக்கினார். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டகம், மேலே கம்பி வலை, அதன் மேல் சிமென்ட் பூச்சு. உயரம் 9.8 மீட்டர், ஏறக்குறைய மூன்று மாடி. எடை சுமார் 10 டன். லெஸ் மெக்கென்சி என்ற நகரமன்ற உறுப்பினரின் நினைவாகத்தான் ‘மேக்’ என்ற பெயர்.

கலை விமர்சகர்கள் இதைப் பார்த்து மெய்சிலிர்க்க மாட்டார்கள். அது தேவையும் இல்லை. மேக்கின் காலடியிலேயே சுற்றுலாத் தகவல் மையம் இருக்கிறது. போட்டோ எடுக்க காரை நிறுத்துகிறவரை அப்படியே ஊருக்குள் இருக்கும் சுவரோவியங்களுக்கும் சுரங்கப்பாதைச் சுற்றுலாவுக்கும் அனுப்பி வைப்பதுதான் இவன் வேலை. ‘ஒரு பெரிய மூஸ்’ என்று சொன்னால் யாரும் பிரேக் போட மாட்டார்கள். ‘உலகிலேயே பெரிய மூஸ்’ என்றால் போடுவார்கள். அந்த 30 செ.மீ.யின் மதிப்பு இதுதான்.

சிலை வைத்தால் ஊர் பிழைத்துவிடுமா?

அதற்கு உத்தரவாதம் கிடையாது. பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் வெக்ரவில் என்ற ஊர் இருக்கிறது. உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நிறைய பேர் அங்கே உண்டு. உக்ரைன் பாணி ஈஸ்டர் முட்டையை அலுமினியத்தில், கணினி உதவியோடு வடிவமைத்து 1975-ல் நிறுவினார்கள். காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப அது திரும்பும். உண்மையிலேயே அசத்தலான வேலை. மேக்கைவிடப் பல மடங்கு நுட்பமானது.

கனடாவில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் வேறு காரணத்துக்காகப் பரிச்சயம். விசா, பெர்மிட் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மத்திய அரசு மையம் அங்கேதான் இருந்தது. 6,000 பேர்கூட இல்லாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய வேலைவாய்ப்பு! ஊர் மக்கள் எதிர்த்தும், 2018-ல் அந்த மையத்தை எட்மன்டன் நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். முட்டையால் அதைத் தடுக்க முடியவில்லை.

நார்வேக்காரர்கள் ஏன் வைத்தார்கள்?

இங்கேதான் சுவாரஸ்யம். நார்வே சிலையின் பெயர் ‘ஸ்டோரெல்கன்’. பெரிய மூஸ் என்று அர்த்தம். சிற்பி லிண்டா பக்கே. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உயரம் 10.1 மீட்டர். ஓஸ்லோவுக்கும் ட்ரான்ட்ஹைமுக்கும் நடுவே, ஸ்டோர்-எல்வ்டால் பகுதியில், நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில் நிற்கிறது.

அதன் முக்கிய நோக்கம் சாலைப் பாதுகாப்பு. அந்தக் காட்டு வழிச் சாலையில் நிஜ மூஸ்கள் குறுக்கே வரும். மூஸின் கால்கள் நீளம் என்பதால் கார் மோதினால் கால்கள் மடங்கி, மொத்த உடலும் நேராக முன்கண்ணாடி மேல் விழும். அடர்நிற உடல் இருட்டில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. எனவே, தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர் இறங்கி, கொஞ்சம் நடந்து, ‘இது மூஸ் நடமாடும் சாலை’ என்ற நினைப்போடு திரும்ப ஏறட்டும் என்று வைத்த சிலை இது.

ஆக, ஒன்று பணத்துக்காகக் காரை நிறுத்துகிறது, இன்னொன்று உயிருக்காக. இரண்டுமே நிறுத்தத்தான்.

சமரசம் எப்படி வந்தது?

மேக்கை எப்படி உயர்த்துவது என்று யோசனைகள் குவிந்தன. ஹாக்கி ஹெல்மெட் மாட்டலாம் என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் ஜெயித்தது இயற்கையின் வழி. ஆண் மூஸுக்குக் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். மேக்குக்கும் பெரிய கொம்பாக மாற்றிவிடலாமே! ஆன்லைனில் நிதி திரட்டினார்கள். மூஸ்ஹெட் என்ற பீர் நிறுவனம் 25,000 கனடா டாலர் கொடுத்தது. பெயரிலேயே மூஸ் இருக்கும்போது இந்த விளம்பரத்தை விடுவார்களா?

இதற்கிடையே 2019 மார்ச்சில் ஸ்டோர்-எல்வ்டாலின் துணை மேயர் மூஸ் ஜாவுக்கே வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நார்வே தன் சிலையை மேலும் உயர்த்தாது. பதிலுக்கு, உலகிலேயே அதிகம் பளபளக்கும், அழகான மூஸ் ஸ்டோரெல்கன்தான் என்று மூஸ் ஜா ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு அக்டோபரில் மேக்குக்குப் புதுக் கொம்பு ஏறியது. இப்போது உயரம் 10.36 மீட்டர். ஸ்டோரெல்கனைவிட 26 செ.மீ. அதிகம்.