மணமக்களும் குடும்பப் பெயரும்

பெயர் இருவகைப்படும். ஒருவரைத் தனித்துச் சுட்டுவது இயற்பெயர். அவர் இன்ன குடும்பத்தவர் என்று காட்டுவது குடும்பப் பெயர். தமிழரிடையே இயற்பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கமே மிகுதி. தலைமுறை தோறும் மாறாது தொடரும் குடும்பப் பெயர் நம்முள் பெரும்பாலோர்க்கு இல்லை. மலேசியாவில் ஒரு தமிழ்ப் பெண்ணின் அடையாள அட்டை அவள் இன்னாருடைய மகள் என்று கூறும்; அவள் மணமான பின்னரும் அவ்வாறே கூறும். ஆதலின், மணம் புரியும் இருவருள் எவருடைய குடும்பப் பெயரை இருவரும் ஏற்பது என்னும் வினா நமக்குப் புதுமையாகத் தோன்றும். ஜப்பானியர் இருவர் மணம் புரிய விரும்பினால், இவ்வினாவுக்கு விடை கூறாமல் அவர்களுடைய திருமணம் சட்டப்படி நிறைவேறாது.

சட்டம் கூறுவது

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னுமாக எழுதுவர். அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் மணத்தின் போது தாம் முடிவு செய்தபடி, கணவனின் குடும்பப் பெயரையோ மனைவியின் குடும்பப் பெயரையோ ஏற்க வேண்டும் என்கிறது. மணவிழா எத்துணைச் சிறப்பாக நடந்தாலும் அது மட்டும் சட்டத்தின் முன் திருமணம் ஆகாது. நகராட்சி அலுவலகத்தில் அறிவிப்புப் படிவம் கொடுத்து, அது ஏற்கப்பட்ட பின்னரே இருவரும் கணவன் மனைவியாவர். அப்படிவத்தில் 'கணவனின் பெயர்', 'மனைவியின் பெயர்' என இரு கட்டங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். தனாக்கா குடும்பத்து ஆடவனும் சுசூக்கி குடும்பத்துப் பெண்ணும் மணந்தால், இருவரும் தனாக்கா ஆகலாம். இருவரும் சுசூக்கி ஆகலாம். அவரவர் பெயரோடு அவரவர் இருத்தல் இயலாது.

சட்டத்தின் சொற்களில் ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை என்பதைக் கருதுக. ஆயினும் நூற்றுக்கு ஏறக்குறைய 95 தம்பதியர் கணவனின் பெயரையே ஏற்கின்றனர். சட்டம் இரு கதவுகளைத் திறந்து வைத்தது; வழக்கமோ ஒரு கதவையே காட்டுகிறது.

வழக்கம் வந்த வரலாறு

இது தொன்று தொட்டு வந்த மரபு என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செய்த மினமோத்தோ யோரித்தோமோவின் மனைவியை வரலாற்று நூல்கள் அவர் பிறந்த குடியின் பெயரால் ஹோஜோ மசாக்கோ என்றே குறிக்கின்றன. பிற்காலத்தில் தோக்குகாவா ஆட்சியின் போது பொதுமக்கள் குடும்பப் பெயரை வெளிப்படையாக வழங்கும் உரிமை பெரும்பாலும் இல்லாதிருந்தனர். 1870இல் அவ்வுரிமை எல்லார்க்கும் தரப்பட்டது. 1875இல் அது கடமையாகவே ஆக்கப்பட்டது. 1876இல் அரசு விடுத்த ஆணையோ, மணமான பெண் தான் பிறந்த குடும்பத்தின் பெயரையே வழங்க வேண்டும் என்றது.

இந்நிலையை மாற்றியது 1898ஆம் ஆண்டின் குடிமைச் சட்டம். அது 'இயே' எனப்படும் இல்லத்தை அடிப்படையாகக் கொண்டது. இல்லத்துக்கு ஒரு தலைவர். அதன் உறுப்பினர் எல்லார்க்கும் ஒரே பெயர். மணமான பெண் கணவனின் இல்லத்துட் புகுந்தாள். அவ்வில்லத்தின் பெயரையும் பெற்றாள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிய அரசியலமைப்பு ஆண் பெண் சமத்துவத்தை வகுத்தது. அதற்கு ஏற்ப 1947இல் சட்டம் திருத்தப்பட்டு, இல்லமுறை நீக்கப்பட்டது. ஒரே பெயர் என்னும் விதி மட்டும் எஞ்சியது.

யுக்காவாவின் எடுத்துக்காட்டு

ஆடவர் பெயர் மாற்றிக் கொள்வதே இல்லையோ எனின், உண்டு. ஆண் வாரிசு இல்லாத குடும்பம் மருமகனைத் தத்தெடுத்துத் தன் பெயரை அளிப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். 1949இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்று, அப்பரிசைப் பெற்ற முதல் ஜப்பானியர் எனப் புகழடைந்த யுக்காவா ஹிடெக்கி பிறப்பால் யுக்காவா அல்லர்; ஒகாவா. 1932இல் மணம் புரிந்து மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றார்.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். அவர்தம் புகழுக்குக் காரணமான ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது 1935இல். பெயர் முன்னே மாறியது. புகழ் பின்னே வந்தது. ஆதலின் உலகம் அவரை ஒரே பெயரால் அறிந்தது. முன்னே பத்துக் கட்டுரைகள் எழுதிப் பின்னே மணந்து பெயர் மாறும் ஒரு பெண்ணின் நிலை என்ன? அவளுடைய உழைப்பு இரண்டு பெயர்களின் கீழ்ப் பிரிந்து நிற்கும். முன்னைய நூலை எழுதியவளும் பின்னைய நூலை எழுதியவளும் ஒருத்தியே என்று அவளே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். மணமுறிவு நேர்ந்தால், பெயர் மாற்றியவர் பழைய பெயருக்குத் திரும்புவதே பொது விதி. இருக்கும் பெயரையே தொடர விரும்பினால் மூன்று மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். இவ்வாறு அவருடைய வாழ்வின் துயரமும் பெயர் வழியே ஊரறியலாகும். இவற்றுக்கு அஞ்சிச் சட்டப்படி பதியாமலே கூடி வாழ்வோரும் உளர். ஆனால் அவர்களுள் ஒருவர் இறந்தால் மற்றவர் வாழ்க்கைத்துணை என்னும் முறையில் சொத்துரிமை பெறுவதில்லை.

மன்றத்தில் எழுந்த வாதம்

1996இல் நீதி அமைச்சின் சட்ட ஆலோசனைக் குழு, விரும்புவோர் தத்தம் பெயரை வைத்துக் கொள்ள இடந்தரலாம் எனப் பரிந்துரைத்தது. எதிர்ப்பு மிகுந்தமையால் அது சட்டமாகவில்லை. எதிர்த்தோர் கூறும் காரணமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு பெயரால் வழங்கப்படுவதே குடும்ப ஒற்றுமைக்கு அடையாளம் என்பர். பெற்றோர் பெயர் வேறுபடின் பிள்ளைக்கு எப்பெயர் என்று வினவுவர். ஏனையோர், எவரையும் பிரிந்த பெயர் கொள்ளுமாறு தாம் வற்புறுத்தவில்லை என்றும், விரும்புவோர்க்கு வழிவிடுமாறே வேண்டுவதாகவும் விடையிறுப்பர்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2015 டிசம்பர் 16ஆம் நாள், 750ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பாயிற்று. நீதிபதிகள் பதினைவருள் பதின்மர் அவ்வாறு கூறினர், ஐவர் மறுத்தனர். அன்று மன்றத்தில் இருந்த பெண் நீதிபதிகள் மூவரும் மறுத்தவர் பக்கமே நின்றனர். 2021 ஜூன் 23ஆம் நாள் மீண்டும் அதே முடிவு வந்தது. இம்முறையை எவ்வாறு அமைப்பது என்பதை நாடாளுமன்றமே ஆராய வேண்டும் என்று மன்றம் கூறியது. இடையில், 2019 நவம்பர் முதல் குடியிருப்புச் சான்றில் பழைய பெயரையும் சேர்த்து எழுத வழி செய்யப்பட்டது.

ஜெர்மனியின் வழி

ஜெர்மனியிலும் முன்னர் கணவன் பெயரே மனைவிக்கு என்றிருந்தது. 1976இல் இருவர் பெயருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. ஆனால் உடன்பாடு இல்லையெனில் கணவன் பெயரே நிலைக்கும் என்றும் விதித்தனர். இவ்விதி சமத்துவத்துக்கு மாறானது என்று 1991இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. 1993இல் இயற்றப்பட்ட சட்டம், இருவரும் தத்தம் பெயரோடு இருக்க இடந்தந்தது. ஒரே பெயர் வேண்டுவோர் அதனையும் கொள்ளலாம்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? இருவரும் முடிவு செய்க என்று சொல்வதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. ஒருவர் விட்டுக் கொடுத்தே தீர வேண்டும் என்று விதித்து, விட்டுக் கொடுப்பவர் யார் என்பதை வழக்கத்தின் கையில் விட்டால், வழக்கம் தான் அறிந்த விடையையே கூறும். ஒரு மாணவியின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் ஆசிரியர், அவள் கற்கப்போகும் கல்வியும் ஆற்றப்போகும் பணியும் அப்பெயரைச் சார்ந்தே நிற்கும் என்பதை அறிவார். அப்பெயரை மாற்றுவதா, வைத்துக் கொள்வதா என்பதை உரியவளே மனமொப்பி முடிவு செய்யும் நிலை வேண்டும் என்பதே ஜப்பானில் நடந்துவரும் வாதத்தின் உட்கிடை.