பாரம் இழுக்கும் பாதை – 9: ஊசி காட்டாத சூடு

ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொளுக்கியில் இறங்க வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்தப் பாரத்தை இழுக்கும் ஜீப்பின் ஒட்டோ கியர்பொக்ஸ்.

மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் அடங்கியிருக்கும். படகு ட்ரெயிலரையோ கேரவனையோ பூட்டிக்கொண்டு பிராடோவும் ஹைலக்ஸும் வருகிற காலம் அது. கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் வெயிலில் ஓடிவரும் வாகனத்துக்கு நெடுஞ்சாலையில்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஊருக்குள் வந்த பிறகுதான் கியர்பொக்ஸ் எளிதில் எரியக்கூடும்: உவர்மலை ஏற்றத்தில் ட்ரெயிலரைப் பின்பக்கமாக வீட்டுக்குள் தள்ளும்போதும், படகை இறக்கும் சரிவில் ஏறி இறங்கும்போதும்.

காரணம் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கொன்வர்ட்டர். 1905இல் ஜெர்மன் பொறியியலாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் இதற்குக் காப்புரிமை பெற்றது காருக்காக அல்ல, கப்பலுக்காக. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனின் விசையை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறிக்கு மாற்றுவதே அதன் வேலை. இன்று ஜீப்பில் எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அது தள்ளும் ஒயில் எதிரேயுள்ள இன்னொரு விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டின் வேகமும் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு சக்தி சூடாகி ஒயிலில் சேரும். எஞ்சின் உறும, சக்கரம் அசையாமல் நின்றால் முழுச் சக்தியும் சூடுதான். இந்த நிலையில் கியர்பொக்ஸைச் சோதிக்கும்போது, தொடர்ந்து 5 செக்கனுக்கு மேல் போகாதீர்கள் என்று டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

கியர் ஒயிலுக்கு 80 முதல் 95 பாகை செல்சியஸ் நல்ல சூடு. 120ஐத் தாண்டினால் ஒயில் வேகமாகக் கெடும்; சீல்கள் இறுகும்; கிளட்ச் தட்டுகள் கருகும். டாஷ்போர்டில் உள்ள ஊசி காட்டுவதோ எஞ்சின் தண்ணீரின் சூட்டை மட்டும். அது நடுவில் அசையாமல் நிற்கும்போதே கியர்பொக்ஸ் வெந்துகொண்டிருக்கலாம்.

ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வடகிழக்கே வரும்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் அடிக்கும். அதனால் கியர் ஒயிலையும் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறையும். திரும்பும்போது அதே காற்று எதிரே நின்று பாரத்தைக் கூட்டும். கியர் மேலும் கீழும் மாறித் தடுமாறினால் ஓவர்டிரைவை நிறுத்தி, ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அடிக்கடி இழுப்பவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஒயில் கூலர் பூட்டுவது நல்ல முதலீடு. கடற்கரை உப்பு அதன் தகடுகளை அரிக்கும். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள்.

சரிவில் படகை ஏற்றும்போதும் மணலிலும் நான்கு சக்கர 'லோ' கியருக்கு மாறுங்கள். எஞ்சின் இலகுவாகச் சுழலும், கொன்வர்ட்டரில் வழுக்கல் குறையும், சூடும் குறையும். ஹைலக்ஸ் போல தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தில் ஓடும் வாகனத்தை, காய்ந்த தார் வீதியில் அப்படியே வளைத்துத் திருப்ப வேண்டாம். அச்சுகளும் கியர்களும் முறுகும். ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை மிதித்து வாகனத்தைத் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கால் நிறுத்துங்கள்.

கியர் ஒயில் சூட்டு விளக்கு எரிந்தாலோ கருகல் மணம் வந்தாலோ சமதரையில் ஒதுக்கி, 'பி'யில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். அது ஓடினால்தான் பம்ப் ஒயிலைக் கூலருக்கு அனுப்பும். விளக்கு அணையும்வரை பொறுங்கள்.

கியர் ஒயிலை அளக்கும் கோல் (டிப்ஸ்டிக்) உள்ள வாகனமென்றால் அதை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கருகல் மணத்தோடு பழுப்பேறியிருந்தால் ஒயில் வெந்திருக்கிறது. பால் கலந்த இளஞ்சிவப்பென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. அந்த வாகனத்தை அதற்கு மேல் ஓட்டாமல் கராஜுக்கு ஏற்றி அனுப்புங்கள். ஒரு கூலரின் விலையும் சில நிமிடப் பொறுமையும் முழுக் கியர்பொக்ஸின் செலவுக்கு முன்னால் மிகச் சிறியவை.

அடுத்த வாரம்: இறக்கத்தில் ட்ரெயிலர் தள்ளும்போது பிரேக்கைக் காப்பது எப்படி?