கடலை அளந்த மணிக்கூடு

நடுக்கடலில் வழியறியாது திகைக்கும் கப்பலுக்குக் காலமே கலங்கரை விளக்கம் என்றால் நேயர்கள் வியப்பர். உண்மை அதுவே. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் மணிக்கூடொன்று கப்பலில் இருப்பின், அந்நேரத்தைக் கப்பல் நிற்குமிடத்து நண்பகலோடு ஒப்பிட்டு, கிழக்கு மேற்காகக் கடந்த தூரத்தை, அதாவது நெட்டாங்கை, கணித்துவிடலாம். ஆயின் அலையாட்டத்தில் ஊசல் தடுமாறும். வெப்பமும் தட்பமும் உலோகத்தை நீட்டிச் சுருக்கும்.

1707ஆம் ஆண்டில், இருந்த இடமறியாது சில்லித் தீவுப் பாறைகளில் மோதிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நான்கு அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நெட்டாங்கை அரைப்பாகைக்குட் காணும் வழியுரைப்போர்க்கு 20,000 பவுண் பரிசு என 1714இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டஞ் செய்தது.

அதனை நாடி உழைத்தவர் யோர்க்சயரிற் பிறந்த தச்சர் ஜோன் ஹரிசன். பல்லாண்டு முயன்று 1759இல் அவர் முடித்த நான்காவது மணிக்கூடு ஏறத்தாழ 13 சதமமீற்றர் அகலமே உடையது. வெவ்வேறளவில் விரியும் ஈருலோகத் தகடொன்று அதில் வெப்பமாற்றத்தை ஈடுசெய்தது. 1761இல் ஜமெய்க்கா நோக்கிய பயணத்தில், நாள்தோறும் பிந்துமென முன்னரே கணக்கிட்ட அளவைக் கழித்தபின், 81 நாளில் அதன் பிழை 5 விநாடியளவே.

பரிசுக் குழுவினரோ இது தற்செயலென ஐயுற்றனர். மேலும் சோதனை வேண்டினர். 1765இற் பாதித் தொகையே கிடைத்தது. அரசர் மூன்றாம் ஜோர்ஜின் பரிவால் 1773இற் பாராளுமன்றம் 8,750 பவுண் வழங்கியபோது அவர்க்கு வயது 80. மூன்றாண்டில் மறைந்தார். பட்டமேதும் பெறாத அத்தச்சரின் கைத்திறன், பின்வந்த மாலுமிகள் எத்துணையோ பேரைக் கரை சேர்த்தது.