மலை ஏரிகளின் வழியே – 7: தண்ணீருக்குக் கீழே பழைய மஸ்கெலியா

சென்ற வாரம் நுவரெலியாவின் கிரகரி வாவியைச் சுற்றினோம். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி கட்டுவித்த வாவி அது. இந்த வாரம் நானுஓயாவிலிருந்து கீழே இறங்குகிறோம். வழியில் வரும் ஏரிகளும் அணை போட்டுத் தேக்கியவைதான். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே நிற்பதால் காலங்காலமாக அங்கேயே கிடந்தவை போல ஒரு தோற்றம்.

நானுஓயாவைத் தாண்டியதும் ரதல்ல குறுக்கு வீதி பிரிகிறது. தூரம் மிச்சம், இறக்கம் பொல்லாதது. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். எங்கள் சாரதி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. லிந்துலை வழியாகச் சுற்றித் தலவாக்கலைக்கு வந்தோம்.

நகரை ஒட்டியே மேல் கொத்மலை நீர்த்தேக்கம். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மின்திட்டம். ஆற்றுநீர் சுரங்கத்துக்குள் திரும்பிவிட்டதால், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் மட்டும் அளந்து விடுகிறார்கள். தோட்டத்து ஆட்களைப் போல அருவிக்கும் இங்கே வேலை நேரம் உண்டு.

ஹட்டன், டிக்கோயா கடந்து காசல்ரீ கரையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தோட்டக் காணியில் தங்க முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தோம். கேட்காமல் கூடாரம் அடிப்பது அத்துமீறல். தண்ணீருக்கும் தேயிலைக்கும் இடையே புல் முளைக்காத செம்மண் பட்டி ஒன்று ஏரியைச் சுற்றி ஓடுகிறது. சமதரை என்று அங்கேயே முளை அடிக்கத் தொடங்கினோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றார்.

“தம்பி, அது தண்ணிக்குள்ள எடம். மேல மழ பேஞ்சா ராவோட ராவா ஏறிரும். தேயில ஓரமா போட்டுக்கங்க.”

“சரிங்க ஐயா” என்று பிடுங்கி மேலே நட்டோம். அந்தச் செம்மண் பட்டிதான் நீர்த்தேக்கத்தின் கணக்குப் புத்தகம்: எதுவரை நிறையும், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே எடுத்துச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. காசல்ரீ நீரில் சுழலும் மின்நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

காலையில் நடை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ ட்ரெயில்’ இந்தப் பகுதியையும் தொட்டுப் போகிறது. அதற்காகப் புதிதாக வெட்டிய பாதை குறைவு. பெரும்பாலும் கொழுந்துக் கூடையோடு மடுவத்துக்கு நடந்தவர்களின் கால்பட்டுத் தேய்ந்த தோட்டத்துப் பாதைகள்தான். நாங்கள் படம் பிடிக்க நின்ற வளைவில், நிறைந்த கூடையோடு வந்த பெண்கள் ஒதுங்க இடமின்றிக் காத்திருந்தார்கள். இந்தப் பாதையில் முதல் உரிமை சுமையோடு வருகிறவருக்கு. உல்லாசமாக நடக்கிறவர்தான் ஒதுங்க வேண்டும்.

நோர்வூட் வழியாக மஸ்கெலியா. மவுசாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. இப்போதிருப்பது மேட்டில் எழுப்பிய புது நகரம். வரட்சியில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பழைய கோயிலின் சிதைவுகள் வெளியே தெரியும். கேள்விப்பட்டுப் பலரும் கூடிவிடுவார்கள். கமராவோடு வருகிறவர்களும் உண்டு, சாமி கும்பிட வருகிறவர்களும் உண்டு.

மலை ஏரி பார்க்கக் கிளம்புகிறவர்கள் தண்ணீர் தளும்பும் மாதங்களைத்தான் விசாரிப்பார்கள். வற்றும் காலத்திலும் ஒரு தடவை போய்வர வேண்டும் என்பேன். எந்த ஊரைக் கொடுத்து இந்தத் தண்ணீரை வாங்கினோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

(அடுத்த வாரம்: நல்லதண்ணி)