செவிக்கு 27, நாவுக்கு 28

அல்லிநகரத்து மொட்டைமாடி ஒன்றில் ஏறி நின்றால் முதலில் கண்ணில் படுவது மலைதான். வடக்கே பழனி மலைத்தொடர், அதன் முகட்டில் கொடைக்கானல். மேற்கே போடி மலையும் குரங்கணிச் சரிவும். தெற்கே கம்பம் வரை நீளும் பள்ளத்தாக்கின் ஒரு கரையில் மேகமலை, மறு கரையில் இடுக்கி மலை. நெல்லையும் திராட்சையையும் அணைத்து வளர்க்கும் இந்த மலைகள் வானலைக்கு மதிலாகவும் நிற்கின்றன.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஹாம் செட்டு ஒண்ணு வாங்கிட்டா அதுலயே சிபி-யும் பேசிக்கிறலாம்ல?" விளையாட்டுக்காகக் கேட்ட கேள்வியன்று அது. போடிமெட்டு ஏற்றத்தில் கைபேசி ஊமையாகிவிடும் வளைவுகளை நாள்தோறும் கடப்பவர் அவர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறிகள் சிக்கி மாண்டதை இந்த ஊர் மறக்கவில்லை. மலையில் நிற்பவனுக்குக் கீழே இருப்பவரோடு பேச ஒரு குரல் வேண்டும் என்னும் ஏக்கம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

கருவியைப் பொறுத்தவரை முடியும், சட்டத்தைப் பொறுத்தவரை கூடாது என்று அவரிடம் சொன்னேன். இவ்விரண்டுக்கும் இடையிலான அறிவியலைத் தெரிந்துகொண்டால்தான் எந்தக் கருவியை வாங்குவது என்ற தெளிவு பிறக்கும்.

சிபி எனப்படும் குடிமக்கள் அலைவரிசை 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அங்கே ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். கைபேசி அலையின் நீளமோ ஒரு முழத்தைத் தாண்டாது. நீண்ட அலை மலை முகட்டைத் தொட்டதும் ஓரளவு வளைந்து மறுபுறம் இறங்கும். குறுகிய அலைக்கு அந்த வளைவு மிகக் குறைவு என்பதால் மலைக்குப் பின்னே அடர்ந்த நிழல் விழுகிறது. மலைநாட்டில் 27-க்கு ஒரு மதிப்பு இருப்பது இதனால்தான். ஆனால் அந்த மதிப்புக்கு விலையும் உண்டு. அலை நீளமாக இருந்தால் அதை வீசும் ஆண்டெனாவும் நீளமாக வேண்டும். கால் அலை நீளமுள்ள கம்பியே ஒன்பதடிக்கு வந்துவிடும். கையடக்கக் கருவியில் உள்ள ஒரு சாண் ரப்பர் கம்பி, தனக்கு ஊட்டப்படும் திறனில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும்.

அமெரிக்கா 1945-இல் குடிமக்கள் வானொலி என்னும் கருத்தை ஏற்றது. 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 தடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கிறது என்று சரக்கு வண்டி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் பயன்பட்டது இதுவே. 1977-இல் தடங்கள் 40 ஆயின. முதல் தடம் 26.965, நாற்பதாவது 27.405 மெகாஹெர்ட்ஸ். உலகச் சந்தையில் கிடைக்கும் சிபி கருவிகளில் மிகப் பல இந்த அமெரிக்க அளவுக்கே வார்க்கப்பட்டவை.

இந்தியாவின் அளவு வேறு. 2005 ஆகஸ்டில் நடுவண் அரசு வெளியிட்ட விதி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பேச இடமளித்தது. நிபந்தனைகள் மூன்று: பயனுறு கதிர்வீச்சுத் திறன் 5 வாட்டைத் தாண்டக் கூடாது, ஆண்டெனா கருவியோடு ஒன்றியதாக இருக்க வேண்டும், பிறர்க்கு இடையூறு செய்யவும் கூடாது, பிறர் இடையூறு செய்தால் முறையிடவும் இயலாது. இப்போது தடங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். 27-ஆம் தடம் 27.275-இல் நிற்கிறது, வரம்புக்குள் இருக்கிறது. 28-ஆம் தடம் 27.285. இம்மியளவில் வேலி தாண்டிவிட்டது. ஆக, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் 40 தடக் கருவியில் 13 தடங்கள் இங்கே சட்டத்துக்கு வெளியே கிடக்கின்றன. கூரையில் காந்தம் வைத்து ஒட்டும் நீண்ட ஆண்டெனாவை அதில் மாட்டினால் எஞ்சிய 27 தடங்களும் வெளியேறிவிடும்.

26.957, 27.283 என்று ஏன் இத்தனை நுணுக்கமான எண்கள்? நடுவில் இருப்பது 27.12. தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவமனை ஆகியவற்றின் கருவிகள் வானலை ஆற்றலை வெப்பமாக்கிக்கொள்ள உலகெங்கும் ஒதுக்கிய இடம் அது. நெகிழித் தாள்களை ஒட்டும் எந்திரமும், மூட்டு வலிக்கு வெப்பம் செலுத்தும் இயன்முறை மருத்துவக் கருவியும் இங்கேதான் இயங்குகின்றன. அந்த வெப்பச் சந்தையின் நடுவே குடிமக்களுக்கும் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முறையிட இயலாது என்ற நிபந்தனையின் பொருள் இதுதான்.

இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். நண்பர் வீட்டு மாடியில், துணி காயப்போடும் இரு தூண்களுக்கு இடையே 5 மீட்டர் 30 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செப்புக் கம்பி கட்டி, நடுவே வெட்டி இணைவடம் இறக்கி, 27.12-ஐச் சுற்றி முள்ளைத் திருப்பினோம். காலை பத்து மணிக்கு மேல் ஓர் உறுமல் எழுந்தது. மின்னோட்டத்தின் துடிப்பு அதில் தெளிவாகக் கேட்டது. ஒரே இடத்தில் நில்லாமல் மெல்ல மெல்ல மேலேறிப் போனது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சட்டென்று நின்றது. சற்று நேரம் கழித்து மீண்டும் தொடங்கியது. "யாருக்கோ முழங்காலுக்கு வைக்கிறாங்க" என்றார் நண்பர். அவர் சொன்னது சரியாகவே இருக்க வேண்டும். சூடேறச் சூடேற அதிர்வெண் நழுவும் பழைய கருவியின் நடை அப்படித்தான் இருக்கும்.

இனி ஹாம் கருவிக்கு வருவோம். ஹாம் எனப்படும், தேர்வெழுதி உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்களுக்கென உலக நாடுகள் ஒதுக்கியிருக்கும் பட்டைகளில் ஒன்று 28 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. 27-க்கு அடுத்த வீடு. ஹாம் கருவிக்குள் இருக்கும் வடிகட்டியும் பெருக்கியும் 28-க்கென அமைந்தவை என்றாலும் 27-ஐயும் தடையின்றிக் கடத்தும். ஆதலால் உற்பத்தியாளர் தனியே ஒரு பூட்டுப் போட்டு அனுப்புகிறார். பெரும்பாலும் அது சுற்றுப் பலகையில் ஒட்டிய எள்ளளவு டையோடு ஒன்றுதான். அதை நீக்கினால் கருவி 27-இலும் குரல் கொடுக்கும். இதைத்தான் பலர் "திறந்துவிட்ட செட்டு" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

திறந்துவிட்ட அந்தக் கருவியால் 27-இல் பேசுவதை எந்த விதியும் ஏற்கவில்லை. ஹாம் உரிமம் 28-க்கு உரியது, 27-இல் பேச இசைவு தராது. உரிமம் வேண்டாத சிபி விலக்கோ ஒன்றிய ஆண்டெனா கொண்ட சிறு கருவிக்கு மட்டுமே உரியது. 100 வாட் கருவியை 5 வாட்டுக்குக் குறைத்து வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம். ஆண்டெனா வெளியே இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? மேலும், பேச்சுப் பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில், திறன் கட்டுப்பாடு விழித்துக்கொள்ளும் முன், பல கருவிகள் குறித்த அளவுக்கு மேல் ஒரு துள்ளல் துள்ளும். முகப்பில் காட்டும் எண் அந்தத் துள்ளலைச் சொல்லாது.

அப்படியானால் ஹாம் கருவிக்கும் 27-க்கும் உறவே இல்லையா? உண்டு, அது செவியின் உறவு. இன்றைய ஹாம் கருவிகளின் ஏற்பி மிகப் பரந்தது. ஐகாம் ஐசி-7300 என்னும் கருவி 30 கிலோஹெர்ட்ஸ் தொடங்கி 74 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். கேட்பதோடு, அலைவரிசை முழுவதையும் அருவிபோல் திரையில் ஓடவிட்டும் காட்டும். நாங்கள் கேட்ட அந்த மருத்துவக் கருவியின் நழுவலை அத்தகைய திரையில் சாய்ந்த கோடாகக் கண்ணாலேயே காணலாம். 27-ஐக் கவனிக்கக் கருவி தேர்ந்தெடுப்பவர் வாட்டை விட்டுவிட்டு ஏற்பியைப் பார்க்க வேண்டும் என்பேன். வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம், ஒற்றைப் பக்கப்பட்டை மூன்றையும் அது பிரித்துணர வேண்டும். பக்கப்பட்டையிலும் மேல், கீழ் இரண்டும் வேண்டும். 28-இல் ஹாம் ஆர்வலர்கள் மேல் பக்கப்பட்டையில் பேசுகிறார்கள். சிபி உலகின் தொலைதூர அழைப்புகளோ 38-ஆம் தடத்தில், அதாவது 27.385-இல், கீழ் பக்கப்பட்டையில் நடக்கின்றன. அந்தத் தடம் நம் நாட்டு வரம்புக்கு வெளியே இருப்பதால் நமக்கு அங்கே செவி மட்டுமே உண்டு. இரைச்சலை அடக்கும் வசதியும் நன்றாக அமைய வேண்டும். எல்இடி விளக்குகளும் மின்கம்பிகளும் எழுப்பும் கரகரப்பு இந்தப் பகுதியில் கொஞ்சமன்று.

கையில் தூக்கிச் செல்ல யாஎசு எஃப்டி-818 போன்ற சிறு கருவிகள் உண்டு. அதன் உச்சத் திறனே 6 வாட். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகுக்குத் திறந்து வைத்த பிட்எக்ஸ் குடும்பத்துக் கருவிகளை நான் தனி அன்போடு குறிப்பிடுவேன். சுற்று வரைபடம் எல்லார்க்கும் பொது. பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்த மாணவன் தன் கையால் கட்டி, எந்த உறுப்பு என்ன செய்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அக்குடும்பத்தின் மைக்ரோபிட்எக்ஸ் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை செயல்படும். 28-ஐ நெருங்கும்போது திறன் குறைவது அதன் இயல்பு. அதற்குள் தொழிற்சாலைப் பூட்டு ஏதுமில்லை என்பதால் வேலியைக் காப்பது இயக்குபவரின் கடமையாகிறது. வெறும் கேட்பதற்கு இவ்வளவும் வேண்டாம் என்பவருக்குக் கணினியில் செருகும் விரலளவு மென்பொருள் வானொலிகள் உள்ளன. அவற்றில் பரவலான வகை ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸிலிருந்தே கேட்கத் தொடங்கும்; 27 அதற்கு எளிது. ஆனால் இணையச் சந்தையில் மலிவாக மின்னும் பாஃபெங் கையடக்கக் கருவியை 27-க்கென வாங்கி ஏமாந்தவர்களை நான் அறிவேன். அது 136 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பேசப் பிறந்தது. எந்த டையோடை நீக்கினாலும் 27-க்கு இறங்காது.

27-இல் செவி வைப்பவருக்கு அல்லிநகரம் ஒரு நல்ல இருக்கை. இங்கிருந்து நேர் வடக்கே, வான்வழியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. கரும்புள்ளிகளுக்குள் வளிமம் ஆரவாக்கில் வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். அந்தப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகி அருகுகின்றன. பெருகும் காலத்தில் கதிரவனின் புற ஊதாக் கதிர் மிகுந்து, வளிமண்டலத்தின் உச்சியில் அயனிகள் அடர்ந்து, 27 மெகாஹெர்ட்ஸ் அலையையும் தரைக்குத் திருப்பி அனுப்பும். ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டருக்கு மேலும் போகும். அருகும் காலத்தில் அதே அலை விண்வெளிக்குத் தப்பிவிடும். நடப்புச் சுழற்சி 2024-இல் உச்சத்தைத் தொட்டது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் ஊடே செல்வதால் நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலத்துக்குத் தனிக் குணங்களும் உண்டு. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கே அந்தக் கோட்டின் அருகாமைதான் காரணம்.

ஓட்டுநர் கேட்டதற்கும் இதில் விடை இருக்கிறது. நல்ல பகலொன்றில் அல்லிநகரத்து மாடியில் கடல் கடந்த குரல் கேட்கலாம். 40 கிலோமீட்டர்கூட இல்லாத கம்பத்துக் குரல் கேட்காமல் போகலாம். தாவும் அலை இடையிலுள்ள ஊர்களைத் தாண்டிவிடும். தரையை ஒட்டிச் செல்லும் அலையை மலை மறிக்கும். ஜீப்பின் இரும்புக் கூட்டுக்குள் வைத்த 5 வாட் கையடக்கக் கருவி முன்னும் பின்னும் வரும் வண்டியோடு பேச உதவும். மலைக்கு அப்பால் உதவி கேட்க அதை நம்பி உயிரை வைக்க முடியாது. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

உயிர் காத்த வானலை எது என்று கேட்டால் 2004 டிசம்பரைச் சொல்வேன். ஆழிப்பேரலை தாக்கிய நாளில், பாரதி பிரசாத் என்னும் ஹாம் ஆர்வலர் வேறொரு பயணமாகப் போர்ட் பிளேரில் கருவியோடு தங்கியிருந்தார். தொலைபேசி செத்த அந்தமானிலிருந்து அவர் குழு அனுப்பிய செய்திகள் கரை சேர்ந்தன. முறையான உரிமம், ஒதுக்கிய அலைவரிசை, கேட்கக் காத்திருந்த பயின்ற செவிகள் மூன்றும் அன்று ஒன்றுசேர்ந்து நின்றன. திருட்டுத்தனமாகத் திறந்த கருவிக்கு மறுமுனையில் அப்படிக் காத்திருப்பவர் எவருமில்லை.

ஆகவே தேனி, போடி, கம்பம் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. 27-இல் பேச ஆசையிருந்தால், விதிக்குட்பட்ட, ஒப்புதல் பெற்ற 5 வாட் கருவியோடு நிறைவு கொள்ளுங்கள். ஹாம் கருவி வேண்டுமானால் முதலில் உரிமத்தை வாங்குங்கள், பிறகு கருவியை வாங்குங்கள். உரிமம் கையில் வந்தபின் 27-இல் கேளுங்கள், 28-இல் பேசுங்கள். அதே கம்பியைச் சற்றே நறுக்கினால் 28-க்கும் அது போதும். ஐப்பசி இடி முழங்கும்போது அந்தக் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ஹாம் தேர்வில் கேட்பவை வானலை இயற்பியலின் அடிப்படையும் ஒழுங்கு விதிகளும்தான். முதல்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திமொழி தேவையில்லை. 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம்.