ஊவா மலைகளில் பறவை பார்க்கச் செல்வோருக்கு

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எமது மக்கள் குடும்பம் குடும்பமாக ஊவா மலைப்பகுதிக்குப் பயணமாவது வழக்கமாகிவிட்டது. எல்ல ஒன்பது வளைவுப் பாலம், தம்பேதன்னையின் லிப்டன் சீட், பதுளை துன்ஹிந்த நீர்வீழ்ச்சி ஆகிய இடங்களில் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதோடு பெரும்பாலானோரின் பயணம் நிறைவு பெறுகிறது. அதே மலைகளுக்குப் பெருந்தொகைப் பணம் செலவிட்டு வரும் வெளிநாட்டவருள் ஒரு சாரார், பறவைகளைப் பார்ப்பதற்காகவே வருகின்றனர். அவர்கள் தேடி வரும் பறவைகள் எமது கண்ணெதிரிலேயே இருந்தும் நாம் அவற்றைக் கவனிப்பதில்லை. இப்பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம், அதனால் யார் பயன்பெற வேண்டும் என்பதைச் சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையதாகும்.

முதலில் ஊவாவின் சிறப்பு யாதென அறிதல் வேண்டும். இலங்கைக்கு மட்டுமே உரித்தான பறவையினங்கள் முப்பதுக்கும் அதிகமாக உள்ளன. அவற்றில் பல மலைநாட்டுக் காடுகளிலேயே வாழ்கின்றன. ஊவாவில் குளிர்ந்த மலைக்காடும், புல்வெளியும், வறண்ட சமவெளியும் மிக அண்மையில் அமைந்திருக்கின்றன. ஹப்புத்தளையின் குளிரில் காலையில் மஞ்சள்காதுச் சின்னானைப் பார்த்த ஒருவர், பெரகலை, கொஸ்லந்தை வழியாக இறங்கி, மாலையில் வெல்லவாயவின் வெப்பத்தில் மயிலையும் பச்சைக்கிளிகளையும் பார்க்கலாம். ஒரே நாளில் இத்தனை மாற்றத்தைக் காணும் வாய்ப்பு எல்லா நாடுகளிலும் கிட்டுவதன்று.

இந்நாட்டின் பறவைகளைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் தோட்டங்களுக்கும் பங்குண்டு. மலைநாட்டு ஓடைகளில் வாழும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி 1868 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. சாமுவேல் பிளை என்னும் கோப்பித் தோட்டத்துரையின் பெயரே அதன் விஞ்ஞானப் பெயரில் இடம்பெற்றுள்ளது. இலங்கைப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற கைந்நூலை 1955 இல் வெளியிட்ட ஜி. எம். ஹென்றியும் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவரே. ஆனால் அதே மலைகளில் காடு வெட்டி, கொழுந்து பறித்து, அப்பறவைகளின் குரலோடு தினமும் விழித்தெழுந்த எமது மக்களின் பெயர் எந்தப் பறவைக்கும் சூட்டப்படவில்லை. அவர்கள் அறிந்தவை எழுத்தில் பதியப்படவும் இல்லை.

எனினும் அந்த அறிவு மறைந்துவிடவில்லை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, விடியலிலும் அந்தியிலும் தவறாது குரல் கொடுக்கும் வண்ணப் பறவைக்கு ஆறுமணிக்குருவி எனப் பொருத்தமாகப் பெயரிட்டவர்கள் தமிழ் மக்களே. இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் பறவை அது. தோட்டத்து ஓடைக்கரைகளில் வாலை ஆட்டி நடக்கும் வாலாட்டிக்குருவியும், காஷ்மீர மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு எமது மலைநாட்டுக்கு வரும் சிறிய ஈப்பிடிப்பானும் அவ்வாறே வருகின்ற விருந்தாளிகளாகும்.

இவ்விருந்தாளிகளையும் காண வேண்டுமாயின் காலமறிந்து செல்ல வேண்டும். வலசைப் பறவைகள் ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இங்கு தங்குகின்றன. ஆனால் ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழையும் ஒக்டோபருக்குப் பின்னரே வருகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டதும் இம்மழைக்காலத்திலேயே ஆகும். எனவே மழை தணிந்தும் வலசைப் பறவைகள் திரும்பாமலும் இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே மிகப் பொருத்தமானவை. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காலத்தில் உள்நாட்டுப் பறவைகளை மட்டுமே எதிர்பார்க்கலாம். சூறாவளியினால் மலையகப் புகையிரதப் பாதையும் வீதிகளும் பலத்த சேதமடைந்தமையால், புறப்படுமுன் போக்குவரத்து நிலைமையையும் மண்சரிவு எச்சரிக்கைகளையும் விசாரித்தறிவது அவசியம்.

மூன்று நாள் பயணமொன்றை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முதல் நாள் ஹப்புத்தளை. அங்கு அடிஷாம் மாளிகையை ஒட்டியுள்ள காடு தங்கமலைச் சரணாலயம் எனத் தமிழ்ப் பெயராலேயே வழங்கப்படுகிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அம்மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக உள்ளது. மஞ்சள்காதுச் சின்னானையும் இலங்கை வெள்ளைக்கண்ணியையும் அப்பகுதியில் காணலாம்.

இரண்டாம் நாள் ஒஹிய வழியாக ஹோர்ட்டன் சமவெளி. 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இச்சமவெளி, 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். பெரும்பாலோர் உலக முடிவைக் காண விரைந்து கடந்துவிடும் வழியில் அரெங்கா குளம் இருக்கிறது. முன்னர் கூறிய சீழ்க்கைப் பூங்குருவியின் பழைய விஞ்ஞானப் பெயரே அக்குளத்துக்கு வழங்குகிறது. அதிகாலையில் ஓசையின்றிக் காத்திருப்போருக்கு அப்பறவை தென்படக்கூடும். திரும்பும் வழியில் வெலிமடையை அண்மித்த சரே தோட்டத்துப் பறவைச் சரணாலயம், பழுப்பு மர ஆந்தைக்குப் பெயர் பெற்றது. அங்கு முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்லல் நன்று.

மூன்றாம் நாள் தாழ்நிலத்துக்கு ஒதுக்கத்தக்கது. பிபிலைக்கு அப்பாலுள்ள நில்கலை, கடுக்காயும் தான்றியும் நெல்லியும் புல்வெளியிடையே வளரும் அரிய நிலப்பரப்பாகும். இந்நாட்டில் வேறிடங்களில் காண்பதற்கரிய வண்ணக் கௌதாரியின் வாழிடம் அது. யானைகள் நடமாடும் பகுதியாகையால் இடமறிந்த வழிகாட்டியின்றி அங்கு நடத்தல் ஆகாது. இன்னும் தெற்கே கதிர்காமத்துக்குச் செல்வோர் முருகனின் வாகனமான மயிலை வழியெங்கும் காணலாம். திருக்குர்ஆனில் சுலைமான் நபியின் தூதுப் பறவையாகச் சொல்லப்படும் ஹுத்ஹுத், அதாவது கொண்டலாத்தி, யால போன்ற வறண்ட நிலங்களில் தரையில் இரை தேடுவதைக் காணலாம். பிள்ளைகளுக்கு இவற்றை நேரில் காட்டுவது பல நாள் பாடத்துக்கு ஈடாகும்.

இதற்கு வேண்டிய செலவும் அதிகமன்று. எட்டு மடங்கு பெருப்பிக்கும் தொலைநோக்கி ஒன்று குடும்பத்துக்கே போதும். குறிப்புப் புத்தகம், மங்கிய நிற ஆடை, மழைக்கோட்டு, அட்டை கடிக்காத நீண்ட காலுறை ஆகியன மற்றவை. பறவைகள் மிகுந்த சுறுசுறுப்புடன் இருப்பது காலை ஆறு முதல் ஒன்பது மணி வரையிலாகும். சுபஹ் தொழுகைக்காகவோ காலை வழிபாட்டுக்காகவோ எழும் வழக்கமுடையோருக்கு இது சிரமமன்று. செவியையும் பழக்கிக்கொள்ளல் வேண்டும். 1868 க்குப் பின்னர் இந்நாட்டில் விஞ்ஞானத்துக்குப் புதிதான பறவையினம் ஒன்று 2001 இல் தான் கண்டுபிடிக்கப்பட்டது. தீபால் வரக்காகொட, இனந்தெரியாத ஓர் இரவுக் குரலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்றே அச்சிறிய ஆந்தையைக் கண்டறிந்தார்.

தோட்டங்களில் நடப்போர் சில ஒழுங்குகளைப் பேண வேண்டும். தேயிலை மலைகள் பொது வழியல்ல. முகாமையாளரின் அனுமதி அவசியம். மருந்து தெளிக்கப்பட்ட மலைகளைத் தவிர்த்தல் வேண்டும். குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் செய்தியை நாம் அடிக்கடி பிரசுரிக்கின்றோம். கூடு இருக்கும் மரத்தடியில் இரைச்சலிடுவதும் கல்லெறிவதும் தமக்கு மட்டுமன்றி அயலில் வேலை செய்யும் பெண்களுக்கும் ஆபத்தாய் முடியும். குருவியின் குரலைக் கையடக்கத் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு அதனை வெளியே அழைப்பது, கூடு கட்டும் காலத்தில் அதற்குத் தீங்கு செய்வதாகும். லயன்களையும் கொழுந்து பறிப்போரையும் கேட்காமல் படம் பிடிப்பதும் அவ்வாறே தவிர்க்கப்பட வேண்டியது. அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர்.

இங்கு தான் முக்கியமான கேள்வி எழுகிறது. பறவை பார்க்க வருவோர் செலவிடும் பணம் விடுதிகளுக்கும் வாகனங்களுக்கும் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் வழிகாட்டிகளுக்கும் செல்கிறது. எந்த ஓடையில் வாலாட்டி இறங்குகிறது, தொழிற்சாலைக் கூரையில் எங்கே தகைவிலான் கூடு கட்டுகிறது என்பதைச் சிறு வயதிலேயே அறிந்த தோட்டத்து இளைஞனோ வேலை தேடிக் கொழும்புக் கடைக்குப் போகிறான். அவனுடைய சகோதரியோ மத்திய கிழக்கிற்குப் போகிறாள். இருவரிடமும் இல்லாதது அறிவன்று. அதனை அங்கீகரிக்கும் சான்றிதழும் ஆங்கிலப் பயிற்சியுமே இல்லாதவை.

இக்குறையைப் போக்குதல் இயலாத காரியமன்று. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளை பண்டாரவளையிலேயே உள்ளது. பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சரத் கொட்டகமவின் முயற்சியால் உருவான களப் பறவையியல் குழு, சாதாரண மக்களுக்கும் பறவையியலைக் கற்பித்த முன்னுதாரணமாகும். இவை ஒன்றுகூடித் தமிழ்மொழி மூலமான குறுகிய பயிற்சியொன்றைத் தோட்ட இளைஞர் யுவதிகளுக்கு வழங்கலாம். மலையக மக்கள் பிரதிநிதிகளும் தோட்டக் கம்பனிகளும் இதனை முன்னெடுக்க வேண்டும். தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் அதுவரை காத்திராமல், மாணவரைக் கொண்டு தத்தம் தோட்டத்துப் பறவைகளின் பட்டியலை இன்றே தொடங்கலாம். அங்கு வழங்கும் பெயர்களையும் அதில் சேர்த்துக்கொண்டால் எழுதப்படாத அறிவு எழுத்தில் நிலைபெறும்.

பயணம் செல்லும் வாசகர்களும் தமது பங்கைச் செய்யலாம். அடுத்த விடுமுறையில் ஊவாவுக்குச் செல்வோர், அத்தோட்டத்தைச் சேர்ந்த ஒருவரை உரிய கூலி கொடுத்து வழிகாட்டியாக அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.